கட்டிப் போட்டாயிற்று, யார் அவிழ்ப்பது?

கதாநாயகனைப் பிடித்துக் கட்டிப் போடுவது எழுதுகிறவருக்குச் சுலபம். பின்மண்டையில் ஓர் அடி, முகத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், கண் திறந்தால் எதிரே வில்லன். அங்கேயே இடைவேளை விட்டுவிடலாம். பஞ்சாயத்து இடைவேளைக்கு அப்புறம்தான். உள்ளே தள்ளியவனை வெளியே எடுக்க வேண்டுமே. கதை விவாதங்களில் அதிக டீ செலவாவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

திரைக்கதையோ நாவலோ தொடர்கதையோ எழுதிக்கொண்டு, ஹீரோவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, எந்தக் கதவைத் திறப்பது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகள் அப்படி ஒன்றும் அதிகமில்லை. அவனே தப்பிக்கலாம். வேறு யாராவது வந்து மீட்கலாம். பிடித்தவனே விட்டுவிடலாம். பிடிபட்டதே திட்டம்தான் என்று சொல்லிவிடலாம். இல்லை, கடைசிவரை தப்பிக்காமலே போகலாம். இவற்றை ஒப்பிட என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கட்டை அவிழ்ப்பவர் கைக்குக் கதை போய்விடும். பார்க்கிறவரின் கவனம், நன்றி, எதிர்பார்ப்பு எல்லாம் அந்த நிமிடம் அவர் பக்கம் திரும்பிவிடும். ஆகவே ‘எப்படித் தப்பிப்பான்’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், ‘மீதிக் கதையை யாரிடம் கொடுக்கப் போகிறேன்’ என்று முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள், நாவல் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ஹீரோவும் வில்லனும் ஒரே அறையில் ஐந்து நிமிடம் நின்று பேச வேறு சாக்கு கிடைப்பதில்லை. இருவரும் சுதந்திரமாக இருந்தால் பேச்சு தொடங்குவதற்குள் அடிதடி வந்துவிடும். ஒருவன் கட்டுண்டு கிடந்தால்தான் மற்றவன் வாயைத் திறப்பான். தொடர்கதைக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கதவு சாத்தப்படும் இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டால் வாசகர் ஒரு வாரம் காத்திருப்பார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி, வந்தியத்தேவனை இந்தக் காரணத்துக்காகவே எத்தனை முறை மாட்டிவிட்டிருக்கிறார் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

கட்டிப் போடுவதன் விலை, ஹீரோ சும்மா இருக்க வேண்டியிருப்பது. 1964-இல் வந்த கோல்ட்ஃபிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பாண்டை மேசையில் கட்டி, கால் நடுவே லேசர் கதிர் ஏறி வரும் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். (1959-இல் வந்த நாவலில் அது வட்ட ரம்பம். லேசர் வேலை செய்து காட்டப்பட்டது 1960-இல்தான், படம் எடுத்தவர்கள் புதுசாக இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.) பாண்ட் அங்கே தசையை முறுக்கிக் கயிற்றை அறுக்கவில்லை. தன் காதில் அரைகுறையாக விழுந்த ஒரு திட்டத்தின் பெயரை உளறுகிறான். ‘இவனுக்கு எவ்வளவு தெரியுமோ’ என்ற சந்தேகத்தில் வில்லன் கதிரை நிறுத்துகிறான். அருமையான காட்சி. அதற்கப்புறம் படத்தின் பெரும்பகுதி பாண்ட் கைதிதான். விஷவாயுவை மாற்றி வைத்து அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுப்பது வில்லனின் பெண் விமானி. கடைசியில் அணுகுண்டை நிறுத்துவதும் வேறொரு நிபுணர். பாண்ட் ஒயரைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறான். உலகமே கொண்டாடிய ஹீரோ படத்தில் ஹீரோ செய்த வேலை இவ்வளவுதான். நடிகரின் தோரணை அதை மறைத்துவிட்டது. அப்படி ஒரு நடிகர் கையில் இல்லாதவர்கள் இந்த வழியில் போக வேண்டாம்.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கை வைப்பது, அவனே தப்பிக்கும் வழி. கதை அவன் கையிலேயே இருக்கும் என்பதால் நட்சத்திரப் படங்களுக்கு வசதி. ஆனால் இருப்பதிலேயே அதிக இடம் கேட்பது இதுதான், அது பலருக்கும் எழுத உட்காரும் வரை தெரிவதில்லை.

இந்த வகையின் உச்சம் என்று நான் சொல்வது ராபர்ட் பிரெஸ்ஸான் 1956-இல் எடுத்த பிரெஞ்சுப் படம். இரண்டாம் உலகப் போரின்போது லியோன் நகரத்தின் மோன்லுக் சிறையில் ஜெர்மானியர்கள் அடைத்து வைத்திருந்த எதிர்ப்பியக்க வீரர் ஆந்த்ரே தெவீஞி தப்பித்த உண்மைக் கதை. மரண தண்டனை பெற்ற ஒருவன் தப்பித்துவிட்டான் என்று தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார் இயக்குநர். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நாம் என்ன பார்க்கிறோம்? ஒரு இரும்புக் கரண்டியைத் தரையில் தேய்த்துக் கூராக்குகிறான். அதை வைத்துக் கதவுப் பலகையின் இணைப்பைச் சுரண்டுகிறான். விழுந்த மரத்தூளைக் கூட்டி அள்ளுகிறான். துணியைக் கிழித்து, கட்டில் கம்பியைச் சேர்த்து முறுக்கிக் கயிறு திரிக்கிறான். காவலர்களில் ஒருவரையும் முட்டாளாக்கவில்லை, வசதியாக ஒரு சாவியும் கீழே விழவில்லை. தப்பிப்பான் என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். பிரெஸ்ஸானே ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்தவர். அந்த அறைக்குள் நேரம் எப்படி நகரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசி நாளில் ஒரு சிக்கல். அவன் அறைக்குள் ஒரு பையனைக் கொண்டுவந்து தள்ளுகிறார்கள். உளவாளியாக இருக்கலாம். கொன்றுவிடலாமா, கூட்டிக்கொண்டு போகலாமா? கூட்டிக்கொண்டு போகிறான். மதிலுக்கு வந்தபோதுதான் தெரிகிறது, தனியாக வந்திருந்தால் அதைத் தாண்டியிருக்கவே முடியாது. முழுக்க முழுக்க ஒருவனின் கைவேலையாக ஓடிய கதை கடைசி சுவரில் இன்னொருவனின் தோளைக் கேட்கிறது. தானே தப்பிக்கிற கதை எழுதுபவர்கள் இந்த ஒரு இடத்தை மட்டுமாவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிர், கைக்கடிகாரத்திலிருந்து ரம்பம் வருவது. அதையும் நான் முழுசாகத் தள்ளமாட்டேன். கருவி முன்பே காட்டப்பட்டிருந்தால், அதுவும் வேறு ஏதோ வேலைக்காகக் காட்டப்பட்டிருந்தால், பார்க்கிறவர் ஏமாந்ததாக நினைக்கமாட்டார். நேர்மையாகச் செய்தால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தவனை எதற்காகக் கட்டினீர்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

நேர்மை என்றதும் ஸ்டீபன் கிங் 1987-இல் எழுதிய மிசரி நாவல் வந்துவிடுகிறது. விபத்தில் கால் நொறுங்கிய ஒரு எழுத்தாளரை அவருடைய தீவிர ரசிகை வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்து வைக்கிறாள். அவர் கொன்றுவிட்ட கதாநாயகியை உயிர்ப்பித்து அடுத்த நாவலை எழுதச் சொல்கிறாள். அவர் அவசரத்தில் ஒரு பூச்சுற்றல் எழுதித் தருகிறார். அவள் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த வாராந்திரத் தொடர்ப் படத்தைக் காரணமாகச் சொல்கிறாள்: போன வாரம் ஹீரோ காருக்குள் இருக்க, கார் மலையிலிருந்து விழுந்ததைக் காட்டினார்கள், இந்த வாரம், விழுவதற்கு முன்பே அவன் குதித்துவிட்டதாகக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டியபோது அவள் மட்டும் எழுந்து நின்று கத்தியிருக்கிறாள். கொலைகாரிதான், ஆனால் சிறைபிடிக்கப்பட்ட ஹீரோ கதைகளுக்கு அவளைவிட நல்ல விமர்சகர் கிடையாது. சென்ற அத்தியாயத்தில் பூட்டப்பட்ட பூட்டு இந்த அத்தியாயத்திலும் பூட்டியே இருக்க வேண்டும் என்கிறாள், அவ்வளவுதான்.

அந்த எழுத்தாளரும் தானே தப்பிக்கிறார். அவளுக்கு உயிரான கையெழுத்துப் பிரதி எரிகிறது என்று நம்பவைத்துத் திசை திருப்பி, டைப்ரைட்டரையே ஆயுதமாக்குகிறார். அதற்குள் ஒரு பாதத்தை இழந்துவிட்டார். 1990-இல் வந்த படத்தில் கோடாரிக்குப் பதில் சம்மட்டி, பாதத்துக்குப் பதில் கணுக்கால்கள். தானே தப்பிக்கிறவன் எதையாவது உள்ளே விட்டுவிட்டு வர வேண்டும். துமாவின் மோண்ட்டி கிறிஸ்டோ நாவலில் தாந்தே கடல் நடுவே ஒரு கோட்டையில் பதினான்கு வருடத்தை விட்டுவிட்டு வருகிறான். இறந்துபோன நண்பரின் பிணத்துக்குப் பதிலாகச் சாக்குக்குள் படுத்துக்கொள்ள, புதைப்பார்கள் என்று நினைத்தால், காலில் பீரங்கிக் குண்டைக் கட்டிக் கடலில் வீசிவிடுகிறார்கள். திட்டம் அங்கே தப்பாகிப்போவதுதான் அழகு. போட்ட திட்டம் போட்டபடியே நடந்தால் அது தப்பித்தல் இல்லை, டெலிவரி.

அடுத்தது, யாராவது வந்து மீட்பது. நம் பெரிய நட்சத்திரப் படங்கள் கிட்டப் போகவே தயங்கும் வழி இது. ஹீரோயினைக் கடத்தலாம், தங்கையைக் கடத்தலாம், அம்மாவைக் கட்டிப் போடலாம்; ஹீரோவை இன்னொருவர் வந்து காப்பாற்றினால் மட்டும் ரசிகர் மனசு தாங்காது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் கூட ஒரு நல்ல இரண்டாம் பாத்திரம் இருந்தால் இதைவிட லாபமான வழி இல்லை என்பது என் கருத்து.

ஷோலே (1975) அதற்கு நல்ல உதாரணம். கொள்ளைக்காரன் கப்பர் சிங் வீருவைக் கட்டிப்போட்டுவிட்டு, அவன் காதலி பசந்தியை ஆடச் சொல்கிறான். கால் ஆடும் வரைதான் வீருவின் மூச்சு ஓடும். பாட்டில்களை உடைத்துக் கண்ணாடித் துண்டுகளைக் காலடியில் வீசுகிறார்கள். அந்தக் காட்சி முழுக்கப் பசந்தியுடையது. பெரிய ஹீரோவான தர்மேந்திரா கட்டுண்டு நிற்பது தவிர ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் நண்பன் ஜெய் வந்து மீட்கிறான். மீட்டவன் கைக்குக் கதை போகிறது. திரும்பும் வழியில் அவன் காயம்பட்டு, நாணயத்தைச் சுண்டிவிட்டு, மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, தனியாக நின்று சாகிறான். வீரு தானே கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தால் அந்த மரணம் இல்லை. படத்தில் எல்லோரும் இன்றுவரை பேசும் மரணம் அது.

ஸ்டார் வார்ஸில் ஹான் சோலோவை 1980-இல் உறைய வைத்து அனுப்பியபோது, அந்த வேடத்தில் நடித்த ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு ஒப்பந்தமே ஆகியிருக்கவில்லை. வரமாட்டார் என்றாலும் கதை நிற்க வேண்டும், வந்தாலும் நிற்க வேண்டும். நடிகரின் கால்ஷீட் சிக்கலுக்கு இவ்வளவு நேர்த்தியான தீர்வை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் 1983-இல் அவரை வெளியே எடுக்க அடுத்த படத்தின் தொடக்கப் பகுதி முழுவதையும் செலவழித்தார்கள். மீட்க வந்த காதலி லேயாவே மாட்டிக்கொள்கிறாள். கடைசியில் தன்னைக் கட்டியிருந்த சங்கிலியாலேயே, பிடித்து வைத்திருந்த ஜப்பாவின் கழுத்தை இறுக்குகிறாள். மீட்கப்பட்ட ஹானுக்கு அதற்குப் பிறகு அந்தப் படத்தில் பழைய மிடுக்கு திரும்பவில்லை. மீட்பவர்களைப் பெரிதாக்கினால் மீட்கப்பட்டவர் சிறிதாவார், தப்பிக்க முடியாது.

கல்கி இதைத் தெரிந்தே செய்தார். எரியும் கப்பலில் சிக்கிக்கொண்ட வந்தியத்தேவனைப் புயல் கடலில் வந்து காப்பாற்றுபவர் அருள்மொழிவர்மர். நாவலின் பெயரே அவருடையது, ஆனால் அதுவரை பக்கங்கள் வந்தியத்தேவனுடையவை. ஒரு மீட்பு வழியாக வாசகரின் அன்பைப் பாதி இடம் மாற்றிவிடுகிறார். பிரபலமான துணைப் பாத்திரத்தை அடுத்த பாகத்தின் நாயகனாக்க நினைப்பவர்கள் இதைப் பின்பற்றலாம்.

நாடோடி மன்னன் (1958) இன்னொரு தந்திரம் செய்தது. சிறைப்பட்ட மன்னனும் எம்.ஜி.ஆர்., அவன் இடத்தில் அமர்ந்து ஆண்டு, பிறகு மீட்கப் போகிறவனும் எம்.ஜி.ஆர். ஆண்டனி ஹோப் 1894-இல் எழுதிய நாவலிலிருந்து வந்த கதைக்கரு இது. நட்சத்திரம் மீட்கப்படவும் வேண்டும், மீட்கவும் வேண்டும், பெருமை வெளியே போகவும் கூடாது! இரட்டை வேடம் போடும் வசதி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

மூன்றாவது வழி, பிடித்தவனே விடுவது. பலர் இதைப் பலவீனமான முடிவு என்று ஒதுக்குவார்கள். நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன், ஒரு நிபந்தனையோடு.

மணிரத்னத்தின் ரோஜாவை (1992) இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். சங்கேத எழுத்து நிபுணன் ரிஷியைக் காஷ்மீரில் கடத்திவிடுகிறார்கள். படத்தின் பெயர் மனைவியின் பெயர். வெளியே மொழி தெரியாத ஊரில் ராணுவ முகாம், அமைச்சர் என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பவள் அவள். செயல் அவள் பக்கம். உள்ளே கட்டுண்டு கிடப்பவனுக்குச் செய்ய எதுவுமில்லை. அதனால் இயக்குநர் அவனுக்கு ஒரு தீயைக் கொடுக்கிறார்: எரியும் கொடியின் மேல் விழுந்து தன் உடம்பால் அணைக்கிறான். கட்டப்பட்ட ஹீரோவுக்குக் கைத்தட்டல் வாங்கித் தரும் காட்சி, அரசியலாகப் பார்த்தால் அன்றிலிருந்து இன்றுவரை விவாதத்துக்குரிய காட்சியும்கூட. ஆனால் அது அவனை விடுவிக்கவில்லை.

விடுவிப்பது இரண்டு பேர். கடத்தியவர்கள் கூட்டத் தலைவன் லியாகத்தின் தங்கை, அதிகம் பேசாத பெண், வழிவிடுகிறாள். கடைசியில் விரட்டி வந்து பிடித்துவிட்ட லியாகத்தும் போகவிடுகிறான். அந்த மனமாற்றம் திடீரென்று வரவில்லை. எல்லை தாண்டி அனுப்பிய அவனுடைய தம்பி, யாரை நம்பிப் போனானோ அவர்களாலேயே சுடப்பட்டுச் சாகிறான். அதற்கு முன்னாலும் ரிஷியும் அவனும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தம்பியின் சாவை எடுத்துவிட்டால் முடிவு நொறுங்கிவிடும். நான் சொன்ன நிபந்தனை இதுதான்: பிடித்தவன் விட வேண்டுமென்றால் அவன் ஏதாவது இழந்திருக்க வேண்டும், அந்த இழப்பு ஹீரோவால் வந்ததாக இருக்கக் கூடாது. ஹீரோவின் வசனத்தைக் கேட்டுத் திருந்துகிறவனை யாரும் நம்புவதில்லை. என் அளவுகோலின்படி பார்த்தால், படம் முடியும்போது நம் மனதில் நிற்கும் கேள்வி லியாகத் அப்புறம் என்ன ஆனான் என்பதுதான். அவன் அவிழ்த்தான், கதை அவன் கைக்குப் போய்விட்டது. ரிஷிக்கும் ரோஜாவுக்கும் தழுவல் மட்டும் மிச்சம்.

நேரம் அதிகம் இருப்பவர்களுக்கு, குறிப்பாக எட்டு, பத்து எபிசோட் வெப் சீரிஸ் எழுதுபவர்களுக்கு, நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இதைத்தான். கைதியும் காவலனும் ஒரே அறையில் பல மணி நேரம் இருக்கலாம், வேறு எந்த வழிக்கும் அந்த அவகாசம் இவ்வளவு பயன்படாது.

இதற்கு இரண்டு கோணல் கிளைகள் உண்டு. ஒன்று, பிடித்தவனுக்கு மேலே இருப்பவன் வந்து பிடித்தவனைத் தீர்த்துவிடுவது. பாண்டின் முதல் கதையான கேசினோ ராயலில் அதுதான் நடக்கிறது. நாவலிலும் (1953) சரி, 2006 படத்திலும் சரி, சித்திரவதை செய்துகொண்டிருந்தவனை அவனுடைய ஆட்களின் மேலிடமே சுட்டுக் கொல்கிறது. பாண்ட் பிழைத்தது தற்செயல். நாவலில் கொலையாளி பாண்டின் கையில் ஒரு அடையாளத்தைக் கீறிவிட்டுப் போகிறான். ஹீரோ ஒரு பெரிய விளையாட்டில் சின்னக் காய் என்று காட்ட வேண்டுமானால் இது பயன்படும். இன்னொன்று, தென்கொரியாவின் ஓல்ட்பாய் (2003). பதினைந்து வருடம் காரணம் சொல்லாமல் அடைத்து வைத்தவன் காரணம் சொல்லாமலே வெளியே விடுகிறான். ஏன் பிடித்தான் என்று ஹீரோ தேடிக்கொண்டிருக்க, ஏன் விட்டான் என்பதுதான் சரியான கேள்வி என்று பிற்பாடு தெரிகிறது. கதை முதலிலிருந்தே வில்லன் கையில்தான் இருந்தது. முதல் படம் எழுதுகிறவர்கள் இந்தக் கிளையில் ஏற வேண்டாம்.

பிடிபட்டதே திட்டம் என்ற வழிக்கு வருவோம். 2008-இல் டார்க் நைட் படத்தில் வில்லன் ஜோக்கர் வேண்டுமென்றே பிடிபட்டு உள்ளே போனது பெரிதாகப் பேசப்பட்டது. 2012-இல் ஸ்கைஃபால் வில்லன் அதையே செய்தான், அதே வருடம் அவெஞ்சர்ஸில் லோகியும் செய்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் இப்போதெல்லாம் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஹீரோவுக்கு இதைச் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது அதே அவெஞ்சர்ஸில் ஒரு சிறு துண்டு: நாற்காலியில் கட்டப்பட்ட பெண் உளவாளி பிளாக் விடோவை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், போன் வருகிறது, நான் வேலையாக இருக்கிறேன், இவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அலுத்துக்கொள்கிறாள். அறிமுகக் காட்சி என்பதால் எடுபட்டது. அதையே கிளைமாக்ஸில் வைத்திருந்தால் அதுவரை நாம் பட்ட கவலை எல்லாம் வீண் என்று ஆகியிருக்கும். இந்த வழியின் பெரிய குறை அதுதான், முன்னால் வந்த பதற்றத்தை எல்லாம் பின்னால் வந்து பொய்யாக்கிவிடும்.

பொய்யாகாமல் செய்தவன் அனுமன். சுந்தர காண்டத்தில் இந்திரஜித் பிரம்மாஸ்திரத்தை விடுகிறான், அனுமன் கட்டுப்படுகிறான். கட்டுப்பட்டதும் அவன் நினைப்பதை நாமும் அப்போதே கேட்கிறோம்: இப்படியே போனால் ராவணனை நேரில் பார்க்கலாம். அரக்கர்கள் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு கயிற்றாலும் கட்ட, அஸ்திரம் விலகிப்போகிறது. அது புரிந்து கவலைப்படுபவன் இந்திரஜித் மட்டுமே. அனுமன் கட்டுண்டவனாகவே சபைக்குப் போகிறான். தூதனைக் கொல்லக் கூடாது என்று விபீடணன் சொல்ல, வாலில் தீ வைக்கிறார்கள், அந்தத் தீயிலேயே நகரம் எரிகிறது. இதில் மறைத்து வைத்து கடைசியில் அவிழ்க்கப்பட்ட முடிச்சு ஒன்றுமே இல்லை. திட்டம் பாதி, சந்தர்ப்பம் பாதி. ஆயுதத்தை எதிரியே கொடுக்கிறான். பிடிபட்டது திட்டம்தான் என்று எழுதப் போகிறவர்கள் பார்க்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வில்லனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும்.

வில்லனின் முட்டாள்தனத்தால் தப்பிப்பதும் ஒரு வழி என்று சிலர் வாதிடலாம். சுடாமல் பேசிக்கொண்டிருப்பது, காவல் வைக்காமல் போவது வகையறா. 1997-இல் ஆஸ்டின் பவர்ஸ் படத்தில் வில்லனின் மகன், சுட்டுத் தள்ளிவிட வேண்டியதுதானே, துப்பாக்கி என் அறையில் இருக்கிறது என்று கேட்டதோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பே வாட்ச்மென் காமிக்ஸ் தொடரில் வில்லன் திட்டத்தை முழுக்க விளக்கிவிட்டு, முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டேன் என்கிறான். இந்த இரண்டையும் பார்த்த வாசகரிடம் பழைய சரக்கைக் கொண்டுபோக முடியாது.

மிச்சமிருப்பது தப்பிக்காத ஹீரோ. வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) படத்துக்குப் போனவர்கள் எல்லோருக்கும் முடிவு தெரியும். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, தூக்கு. தப்பிக்க வழியில்லாத இடத்தில் சிவாஜிக்கு மிச்சமிருந்தது குரல் மட்டும், ஆங்கிலேயத் தளபதி பேனர்மேன் முன்னால் நின்று அதை முழுசாகச் செலவழிக்கிறார். யாரும் கட்டை அவிழ்க்காததால் கதை பார்த்தவர் கைக்கு வந்துவிடுகிறது, அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். வரலாற்றுக் கதைகளில் இது எளிது, முடிவு ஏற்கெனவே தெரியும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். தி கிரேட் எஸ்கேப் (1963) கூட அப்படித்தான். 1944 மார்ச்சில் படத்தில் வரும் ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியே வெளியே போனவர்கள் 76 பேர். ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் 3 பேர், சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 50 பேர். படம் அந்த ஐம்பது பேரை மறைக்கவில்லை, ஆனால் உண்மையில் நடக்காத ஒரு மோட்டார்சைக்கிள் துரத்தலை நடுவில் சேர்த்துக்கொண்டது. கசப்பை விழுங்க வைக்க அவர்களுக்கும் ஏதோ தேவைப்பட்டிருக்கிறது.

க்வாய் நதிப் பாலத்தின் கதையில் (1957) ஜப்பானியரிடம் கைதியான கர்னல் நிக்கல்சன் தப்பிக்கவே நினைப்பதில்லை. எதிரிக்காகக் கட்டும் பாலத்தின் மேல் அவருக்குப் பெருமை வந்துவிடுகிறது. இலங்கையின் கித்துல்கலையில் எடுத்த படம். உண்மையான சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளமானோர் செத்தார்கள். கேமரா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கைதிகளை வைத்து யாராவது எழுதினால், ஐந்து வழிகளில் எது பொருந்தும் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது.

கற்பனைக் கதையில், சமகாலத்தில், தப்பிக்காத வழியை எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். வெற்றிமாறனின் விசாரணை (2015) அதை எடுத்தது. கோவையின் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய லாக்கப் நூலிலிருந்து வந்த படம். குண்டூர் காவல் நிலையத்தில் அடிபட்டுக் கிடக்கும் தமிழ்த் தொழிலாளர்களை, வேறு வேலையாக வந்த ஒரு தமிழ்நாட்டு அதிகாரி காப்பாற்றுகிறார். மீட்பு வழிதான் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறோம். மீட்டவர் கைக்குக் கதை போகிறது. அவர் அவர்களை அழைத்துப் போவது இன்னொரு காவல் நிலையத்துக்கு. அங்கே போனவர்கள் உயிரோடு ஊர் திரும்புவதில்லை. மீட்பு பாதியில் வந்ததால்தான் முடிவு இவ்வளவு கனக்கிறது. இந்த வழியை எடுக்கிறவர்கள் ஹீரோவை இடைவேளைக்குப் பிடித்துக் கொடுக்காமல் முதல் ரீலிலேயே பிடித்துக் கொடுத்துவிடுவது நல்லது. அதுவரை வெளியே சுற்றிச் சண்டை போட்டு ஜெயித்துக்கொண்டிருந்தவனை உள்ளே வைத்துச் சாகடித்தால் தியேட்டரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். தயாரிப்பாளரிடம் கதை சொல்லும்போது முடிவை முதலில் சொல்லிவிடுங்கள், பாதி ஷூட்டிங்கில் மாற்றச் சொல்லிக் கேட்கமாட்டார்.